இருமலில் தொடங்கும் நாடகம்

பங்காருபேட்டை

பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு வண்டிக்கடையில் பானிபூரி கேட்டேன். தட்டில் பூரியை நொறுக்கி, பட்டாணி மசாலா போட்டு, மேலே ஊற்றிய தண்ணீரைப் பார்த்ததும் ஏமாற்றமாகிவிட்டது. நமக்குப் பழகிய பச்சை நிறம் அதில் இல்லை. வெறும் பச்சைத் தண்ணீர். குழாயில் பிடித்து ஊற்றிவிட்டாரோ என்று பார்த்தேன். கடைக்காரர் என்னைப் போல எத்தனையோ வெளியூர் முகங்களைக் கண்டவர். "சாப்ட்டுப் பாருங்க சார்" என்று மட்டும் சொன்னார். ஒரு கரண்டி உள்ளே போனதும் காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. மிளகாயின் காரம் முழுக்க அந்த நிறமில்லாத தண்ணீருக்குள் ஒளிந்திருந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் கிளம்பியது தங்கம் பார்க்க அல்ல. கோலார் தங்கவயலில் இப்போது தங்கம் பார்க்க வேண்டுமென்றால் நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். நாடகம் பார்க்கப் போனேன். சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தங்கவயல்காரர். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்த அவருடைய சித்தப்பா, ஏப்ரல் 14 அன்று லைன் மைதானத்தில் ஆட்களைச் சேர்த்து ஒரு நாடகம் போடுகிறார் என்று சொல்லியிருந்தார். "'ரத்தக்கண்ணீர்' மாதிரி இருக்கும். ஆனா 'ரத்தக்கண்ணீர்' இல்ல. குடும்பக் கதைதான். வந்து பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

எனக்கு ஊர் திருவாரூர். எம்.ஆர். ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தை எழுதியவர் எங்கள் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொண்ட திருவாரூர் கே. தங்கராசு. 1954-ல் அது படமாகவும் வந்தது. நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே காதால் கேட்டுவிட்டேன். எண்பதுகளில் கல்யாணமோ காதுகுத்தோ, சவுண்டு சர்வீஸ்காரர் காலையில் பக்திப்பாட்டு, பிறகு சினிமாப்பாட்டு, பந்தி முடிந்து ஊர் அசந்த நேரத்தில் 'ரத்தக்கண்ணீர்' கதை வசன கேசட் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். வெளிநாடு போய்த் திரும்பிய மோகனசுந்தரம் பெற்ற தாயை ஏசுவான், கட்டிய மனைவியை ஒதுக்குவான், தாசி காந்தா வீடே கதி என்று கிடப்பான், தொழுநோய் வந்து தெருவுக்கு வருவான். ஒரு குடும்பம் நார் நாராகக் கிழியும். திண்ணையில் சாய்ந்திருந்த எங்கள் பெரியப்பாக்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அந்த வயதில் விளங்கவில்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிக்க வைத்துவிட்டு, சிரித்தவன் தொண்டையில் எதையோ மாட்டி வைப்பது ராதாவின் வித்தை என்று தெரிந்துகொள்ள எனக்கே நாற்பது வயதானது.

பெங்களூரிலிருந்து வரும் வழியில் இன்னொருவரும் நினைவில் கூடவே வந்தார். டி.பி. கைலாசம், கன்னட நகைச்சுவை நாடகத்தின் கொள்ளுத்தாத்தா. பிறந்தது தமிழ்க் குடும்பம், எழுதியது ஆங்கிலம் கலந்த கன்னடம், லண்டனில் படித்தது நிலவியல். மைசூர் அரசின் நிலவியல் துறையில் உத்தியோகம் பார்த்தார். பாறையைத் தோண்டப் படித்தவர் வேலையை விட்டுவிட்டு நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தைத் தோண்டினார். 'டொள்ளு கட்டி' நாடகத்தில் ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள். ஒருத்தன் பரீட்சைப் புலி, இன்னொருத்தன் வீட்டுக்கு ஒத்தாசை. எது பொக்கு, எது மணி என்பதுதான் கதை. குடும்பத்தைக் கேலி செய்வதை இந்தப் பக்கத்து நாடகம் அப்போதே பழகிவிட்டது.

பங்காருபேட்டையில் பிரியும் கிளைப்பாதை பதினாறு கிலோமீட்டர் ஓடி மாரிகுப்பத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஒரு காலத்தில் அங்கிருந்து பாதை கீழ்நோக்கிப் போனது.

உரிகம்

சித்தப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து காத்திருந்தார். நண்பருக்குச் சித்தப்பா, பத்து நிமிஷத்தில் எனக்கும் சித்தப்பா. எழுபது தாண்டிய ஒல்லி உடம்பு. குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத கனம். "இன்னா தம்பி, ட்ரெயின்ல எடம் கெடச்சுதா? சாயந்தரம் இந்தப் பக்கம் வர்ற ட்ரெயின்ல நிக்கவே எடம் கெடைக்காது."

நேரே வீட்டுக்குப் போகாமல் உரிகத்தைச் சுற்றிக் காட்டினார். ஓடு வேய்ந்த, புகைபோக்கி வைத்த வெள்ளைக்கார பங்களாக்கள். 1885-ல் தொடங்கிய கிளப். புல் காய்ந்த கோல்ஃப் மைதானம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோது கூடவே ஒரு குட்டி இங்கிலாந்தும் வந்து இறங்கியது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905-ல்.

"மூணு வருஷம் பெங்களூரு எங்களப் பாத்துப் பொறாமப்பட்டுச்சு. இப்ப எங்க பசங்க தெனம் அங்க போயி வாசல்ல நின்னு சல்யூட் அடிக்கிறானுங்க" என்றார் சித்தப்பா.

எனக்கு காவிரி மேல்தான் மனம் போனது. எங்கள் வயலுக்கு வந்து சேரும் முன்பே அது இங்கே ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. டெல்டாக்காரனுக்கு நிலம் என்றால் மேல்மண். ஒரு முழம் ஏர் இறங்கினால் போதும், இருபது அடியில் தண்ணீர் தட்டும். இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். சித்தப்பா பத்தொன்பது வயதில் இறங்கியவர். சரிகிற பாறைக்கு மரச்சட்டம் கட்டி முட்டுக் கொடுக்கிற வேலை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு அந்த ஆழம் முழுக்கத் தண்ணீர்.

ஒரு ஷாஃப்டின் அருகே வண்டியை நிறுத்தினார். இரும்புச் சட்டகம் வானத்தில் நிற்கிறது, உச்சியில் சக்கரம் சுற்றாமல் நிற்கிறது. வேலிக்கு உள்ளே விட மாட்டார்கள். "கேஜ் எறங்கும்போது காது 'ஙொய்'னு அடைக்கும்" என்று காதைத் தொட்டுக் காட்டினார். பங்காருபேட்டைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

சாம்பியன் ரீஃப்

லைன் என்றால் லைன்தான். ஒரு முதுகோடு இன்னொரு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாகப் போகின்றன. முதலில் இருந்தவை மூங்கில் தட்டி வீடுகள். பிறகு சுவர் வந்தது, ஓடு வந்தது, சிலதில் இப்போது டைல்ஸும் வந்துவிட்டது. சித்தப்பா வீட்டில் முன்னறை ஒன்று, பின்னால் இறக்கிய தாழ்வாரத்தில் சமையல். சுவரில் அம்பேத்கர், பக்கத்தில் புத்தர், அதற்கும் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு எம்.ஆர். ராதா.

சின்னம்மா களி கிண்டியிருந்தார். மாட்டுக்கறிக் குழம்பு. களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்பது தெரிந்தும், பல்லுக்கு வேலை கொடுத்தே பழகிய எனக்குக் கை தடுமாறியது. "சோறு வேணும்னா வடிக்கிறேன் தம்பி, தஞ்சாவூர்க்காரங்களுக்குச் சோறு இல்லாட்டி தூக்கம் வராதுன்னு சொல்வாங்க" என்றார். திருவாரூர் என்று திருத்தினேன். "எல்லாம் தண்ணி கீற எடந்தானே" என்று முடித்துவிட்டார்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வீட்டில் சண்டை. கரண்ட் பில்லில் ஆரம்பித்து மாமியாரின் தங்கச்சி கல்யாணம் வரை போயிற்று. இங்கே யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை, டிவி சத்தத்தைக் கூட்டவில்லை. சின்னம்மா களியை உருட்டியபடியே, "அவ சொல்றது நாயந்தான், ஆனா தேதிய மாத்திச் சொல்றா" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊரில் வீட்டைச் சுற்றிக் கொல்லை இருக்கும். சண்டை கொல்லையைத் தாண்டாது, தாண்டாதபடி பார்த்துக்கொள்வதற்குப் பெயர் குடும்ப கௌரவம். லைனில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை. நூறு வருஷமாக ஒவ்வொரு வீட்டுச் சண்டைக்கும் பத்து வீடு பார்வையாளர். இங்கே குடும்ப நாடகம் நன்றாக வராமல் எப்படி இருக்கும்?

காது கொடுத்துக் கேட்டும் பழகியவர்கள். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து வந்த மக்கள், பெரும்பாலும் தலித்துகள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளைகள் இருந்தன. அவர் எழுத்துகளை நூலாக்கிய சித்தார்த்தா புத்தகசாலை இந்த சாம்பியன் ரீஃபில்தான் இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடியும் வந்தது. சாமியையும் சாதியையும் மேடையில் கேள்வி கேட்டால் எழுந்து போகாத கூட்டம், இங்கே மூன்று தலைமுறைக்கு முன்பே தயாராகிவிட்டது.

ராதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவர் பொறந்த தேதி தெரியுமா?" என்றார் சித்தப்பா. தெரியும்: 1907 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்த தேதி. போனது 1979 செப்டம்பர் 17, பெரியார் பிறந்த தேதி. சித்தப்பா கறிக்குழம்புக் கையோடு விரலைச் சொடுக்கினார். "டைமிங் தம்பி. நடிகனுக்கு அதான் முக்கியம்."

ஒத்திகை

மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வராந்தா. ஒத்திகை இரவு பத்தரைக்கு மேல்தான் தொடங்கியது. கடைசி ரயில் வந்து சேர்ந்தால்தான் பாதி நடிகர்கள் வந்து சேருவார்கள். மூத்த மகனாக நடிப்பவருக்கு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு பனியனோடு நின்றார். அப்பா வேஷம் சித்தப்பாவுக்கு. அம்மா வேஷத்துக்குப் பக்கத்து லைனில் தையல் தைக்கும் அக்கா. மருமகள் வேஷத்துக்கு ஒரு கல்லூரிப் பெண். இளைய மகனாக வரும் பையனுக்கு 'ரத்தக்கண்ணீர்' என்றால் 2003-ல் உபேந்திரா நடித்து வந்த கன்னடப் படம்தான். "ராதா சாரோடது ரீமேக்கா சார்?" என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா அவன் தலையில் தட்டினார்.

கதையை எழுத்தில் வைத்திருக்கவில்லை. ராதா அன்றைய பேப்பரைப் படித்துவிட்டு மேடையில் வசனம் மாற்றுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் அன்றைய லைன் சண்டையைப் படித்துவிட்டு மாற்றுகிறார்கள். மூன்றாவது வீட்டுக் கரண்ட் பில் அந்த இரவே மருமகளின் வசனத்துக்குள் வந்துவிட்டது.

முதலில் அசல் 'ரத்தக்கண்ணீரை'யே போட்டுக்கொண்டிருந்தாராம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகவே நான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். எனக்கு அந்த நாடகத்தின் மேல் பிரியமும் உண்டு, கணக்கும் உண்டு. தொழுநோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியது தப்பு. மாத்திரையால் குணமாகும் ஒரு நோய், அந்தக் கதையால் எத்தனை பேருக்குக் கூடுதல் தண்டனையாக இருந்திருக்குமோ. காந்தாவைக் கெட்டவளாக்கிவிட்டு மோகனசுந்தரத்துக்கு மட்டும் சிரிப்பும் கைத்தட்டலும் கொடுத்ததும் சரியில்லை.

சித்தப்பாவின் காரணம் வேறு. சுவரில் சாய்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "ராதா நாடகத்துல வியாதி கடைசியில வரும். தப்புப் பண்ணான், வந்துச்சு. ஜனம் ஒத்துக்கும். நான் அந்த வேஷம் கட்டி நின்னா, முன்னாடி ஒக்காந்துகினு கீற பொம்பளைங்க என்னையே பாக்குறாங்க. அவங்க வீட்டு ஆம்பள இன்னா தப்புப் பண்ணான்? வேலைக்குப் போனான். அதான் பண்ணான். அதனால எங்க நாடகத்துல வியாதிய மொத சீன்லயே வெச்சுட்டேன்."

நான் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சைனைட் மேடு

மறுநாள் காலை, நாடகத்துக்கு மைக் செட்டும் பெஞ்சும் ஏற்பாடு செய்யப் போனவர்கள் என்னைச் சைனைட் மேட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி உண்டான மலைகள் இவை. ஊரைச் சுற்றிப் பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். வெயிலில் சாம்பலும் மஞ்சளுமாக, ராட்சசப் பலகாரம் போல ஓரம் சீவி நிற்கின்றன. மழை வழிந்த தடங்கள் பள்ளம் பள்ளமாக. 'கேஜிஎஃப்' படத்துக்கு இங்கேதான் ஷூட்டிங் நடந்தது என்று கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் இடம் காட்டினார்கள். "படத்துல எங்க ஊரே இல்ல சார், மண்ணு மட்டும்தான் நடிச்சுது" என்றான் ஒருவன்.

காற்று எழும்பியதும் மேட்டின் உச்சியிலிருந்து மெல்லிய புகை போல ஒன்று கிளம்பி லைன் பக்கம் நகர்ந்தது. கையில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர். இதே பாறையைக் கீழே வெடி வைத்து உடைத்தபோது பறந்த தூளைத்தான் மூன்று தலைமுறை சுவாசித்தது. நுரையீரலில் போய்ப் படிந்து இறுகி, மூச்சை அடைக்கும் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். இந்தியாவில் அது முதன்முதலில் ஆய்வாகப் பதிவானதே இங்கேதான்: 1947-ல் வந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களில் 43.7 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. வியாதியைக் கடைசிக் காட்சியில் வைக்க முடியாது என்று சித்தப்பா சொன்னதன் கணக்கு இது. ஆறு வீடு இருக்கிற வரிசையில் இரண்டு, மூன்று வீட்டில் இருமல்.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது பேன்ட் முழுக்க வெள்ளை. சின்னம்மா வாசலிலேயே நிறுத்தி, துடைப்பத்தால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

மைதானம்

மாலையில் ஊர்வலம், நீலக் கொடிகள், தமிழ்ப் புத்தாண்டுக்குப் புதுச்சட்டை போட்ட குழந்தைகள், ஒரு பக்கம் பீஃப் பிரியாணி டெக்சா. பேச்சாளர்கள் பேசினார்கள், இரண்டு பேர் நன்றாகவும் நான்கு பேர் நீளமாகவும். பத்தே முக்காலுக்குக் கடைசி ரயில்காரர்கள் வந்தார்கள். அம்பேத்கர் ஜெயந்திக்கு அரசாங்கத்துக்குத்தான் விடுமுறை, மால் வாசலுக்கு இல்லை. மேடையில் விளக்கை அணைத்தார்கள்.

இருட்டில் ஒரு இருமல்.

நீளமாக, அடியிலிருந்து கிளம்பி, பாதியில் சிக்கி, மறுபடி கிளம்பும் இருமல். எனக்கு முன்னால் இருந்த சிறுவர்கள் சிரித்தார்கள். பாட்டிமார் சிரிக்கவில்லை. அம்மாவின் குரல்: "மணி அஞ்சு ஆச்சு. எழுந்திரிங்கடா, ட்ரெயின் போயிடும்." விளக்கு எரிந்தது. சுரங்கத்துச் சங்கு நின்று போன பிறகு அந்த வீட்டுக்கு அப்பாவின் இருமல்தான் சங்கு. பால்காரர் முதல் பக்கத்து வீட்டு டியூஷன் பிள்ளை வரை அதை வைத்தே நேரம் பார்க்கிறார்கள். ஒரு நாள் பத்து நிமிஷம் முன்னாலேயே இருமிவிட்டதற்காக எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

மூத்த மகன் ஐந்து மணிக்குப் போய் இரவு பத்தரைக்கு வருகிறவன். ஒரு நாள் ரயில் ரத்து. பகலில் வீட்டில் இருக்கிறான். அப்பா எழுந்து வந்து அவனைப் பார்க்கிறார்.

"யாருப்பா வேணும்?"

"நைனா, நாந்தான்."

"வட்டிப் பணம்னா அடுத்த மாசம் வாப்பா."

"நைனா! நான் உன் புள்ள!"

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனைச் சுற்றி வருகிறார். "படுத்துகினு இருக்கும்போது கொஞ்சம் குட்டையா இருந்தியே." மைதானம் வெடித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முதுகில் அறைந்து சிரித்தார், என் முதுகில். அவர் கழுத்திலும் ஒரு கம்பெனியின் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து எக்ஸ்ரே காட்சி. நோய் நிரூபணமானால் பணம் வரும் என்று யாரோ சொல்ல, குடும்பம் முழுக்க அப்பாவை வண்டி பிடித்து அழைத்துப் போகிறது. படம் வந்ததும் இளைய மகன் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறான். மருமகள் எட்டிப் பார்த்து, "இடது பக்கம் சூப்பரா கெட்டுப் போயிருக்கு மாமா! வலது பக்கந்தான் கொஞ்சம் நல்லா கீது" என்று வருத்தப்படுகிறாள். இளையவன், "இதுல தங்கம் எதுனா தெரியுதா பாரு" என்கிறான். அப்பா மன்னிப்புக் கேட்கும் குரலில், "வலது பக்கத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் டைம் குடுங்க" என்கிறார். மராத்தியில் சதீஷ் ஆலேகரின் 'மகாநிர்வாண்' நாடகத்தில், 1974-லேயே, செத்துப்போனவர் எழுந்து உட்கார்ந்து தன்னை எந்தச் சுடுகாட்டில் எரிக்க வேண்டும் என்று அடம் பிடிப்பார். பிணத்தைச் சுற்றிக் குடும்பத்தின் வேஷம் கலையும். இந்த வராந்தாக் குழுவில் யாரும் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் சிரிப்பை எங்கே வெட்ட வேண்டும் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்று.

எனக்கு மிகவும் பிடித்தது கட்டைவிரல் காட்சி. வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கொள்ள, தூங்கும் அப்பாவின் விரலில் மை தடவுகிறான் இளையவன். அப்பா கண் விழித்து விரலைப் பார்க்கிறார். கோபம் வரவில்லை. "டேய், 1930-ல ரேகை வைன்னு கம்பெனி கேட்டதுக்கு எங்க தாத்தனுங்க மூணு வாரம் மைன்ஸயே மூடுனானுங்க. நீ அஞ்சு ரூபா மை டப்பாவோட வந்துட்டியா?" அந்த வேலைநிறுத்தம் நடந்தது உண்மை, தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துத்தான். பாடப்புத்தகத்தில் இல்லாத அந்த வருஷம் நகைச்சுவை வசனமாக வந்தபோது, முன்வரிசைக் கிழவர் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஒரு குடிகாரக் காட்சி தேவையே இல்லை. மருமகளைப் பேராசைக்காரியாக்கியது பழைய பழக்கம், காந்தாவுக்குச் செய்ததைத்தான் இவளுக்கும் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லூரிப் பெண்ணே இதை ஒத்திகையில் கேட்டாளாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம் சித்தப்பா.

கடைசிக் காட்சி. மறுபடி இருட்டு. அமைதி. அமைதி நீண்டுகொண்டே போகிறது. விளக்கு எரியும்போது நன்றாக விடிந்திருக்கிறது, வீடே தூங்குகிறது. மூத்த மகன் அலறிக்கொண்டு எழுகிறான். மணி ஏழு! சட்டையைத் தலைகீழாக மாட்டுகிறான், செருப்பைத் தேடுகிறான், எதிர்வீட்டுக்காரரும் பால்காரரும் திட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கிறது. மூத்தவன் கட்டிலைப் பார்த்துக் கத்துகிறான்: "ஏன் நைனா இன்னிக்கி இருமல? ட்ரெயின் போச்சு, சம்பளம் போச்சு!"

கட்டிலில் அசைவு இல்லை.

சிரிப்பு மைதானத்தின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடங்கியது. குழந்தைகள்தான் கடைசியில் நிறுத்தினார்கள். மேடையில் யாரும் அழவில்லை, பாட்டும் இல்லை. மூத்தவன் ஒரு கையில் செருப்போடு நின்றான். விளக்கை அணைத்துவிட்டார்கள். கைதட்டல் வர நேரமாயிற்று.

மாரிகுப்பம்

மறுநாள் விடியற்காலை ஸ்டேஷனில் பனி இல்லாத ஏப்ரல் குளிர். பிளாட்ஃபாரம் முழுக்க டிபன் கேரியர், முதுகுப் பை, காதில் ஹெட்போன். பெட்டியில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போடும் பழக்கம் இங்கேயும் உண்டு. மூத்த மகன் எனக்கு ஜன்னலோர இடம் போட்டு வைத்திருந்தார். காதுக்குப் பின்னால் ரோஸ் பவுடர் அப்படியே இருந்தது.

இரவு நாடகத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கொட்டாவி விட்டபடி, "போன வருஷம் கடைசி சீன்ல சித்தப்பா நெஜமாவே தூங்கிட்டாரு சார். நாங்க எல்லாரும் பயந்துட்டோம். அதுலேர்ந்து இருட்டுல ஒருத்தரு அவரு கால கிள்ளிப் பாத்துகினே இருப்பாரு" என்றார். அது நகைச்சுவையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். பங்காருபேட்டை வரும் வரை விழிக்கவில்லை. பெட்டியில் பாதிப் பேர் அப்படித்தான், உட்கார்ந்தபடி, தலை ஒரே பக்கம் சாய்ந்து.

அடுத்த ஏப்ரல் 14-க்குப் போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: நோட்டீஸில் இரவு எட்டு மணி என்று போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். கடைசி ரயில் வந்து, மூத்த மகன் யூனிஃபார்மைக் கழற்றி முகம் கழுவிய பிறகுதான் தொடங்கும்.